இரண்டாவது லைன்

செவியைக் கண்டுபிடித்தவர்கள் நல்லவர்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடியும்போது அவர்களைத் திட்டத் தோன்றும். திட்டவேண்டிய ஆள் தப்பிவிடுவார்.

மனச்சிதைவு ஒருவரை முழுதாகப் பிடிப்பதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பே அவர் பேச்சு லேசாக மாறத் தொடங்குகிறது என்று அவர்கள் கண்டார்கள். குரல் தட்டையாகும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கவேண்டிய தொடர்பு அறுந்துபோகும். கேள்விக்குப் பதில் வருமுன் ஒரு வெற்றிடம் விழும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு இதெல்லாம் கேட்காது, போனுக்குக் கேட்கும். அதனால் எல்லாப் போன்களுக்குள்ளும் செவி வந்து உட்கார்ந்தது. பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். சிவப்பு என்றால் இன்றைக்கே பாருங்கள்.

சட்டமும் நல்ல சட்டம்தான். லைன் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே நிறத்தைக் காட்டவேண்டும், வேறு யாருக்கும் கூடாது என்று கறாராக எழுதியிருந்தார்கள். எழுதியவர்கள் காங்கேயம் பக்கம் வந்து ஒரு வீட்டையாவது பார்த்திருக்கலாம். லோகநாதன் வீட்டில் நாலு லைனும் லோகநாதன் பேரில்தான். கல்யாணமாகாத பெண்ணுக்குத் தன் பேரில் எதற்கு லைன் என்று கேட்கிற வீடு அது. ஆகவே மாதாமாதம் நாலு பேருடைய நிறமும் அவருக்கு வரும். லைன் ஒன்று, அவர். இரண்டு, மகள் மிருதுளா. மூன்று, மகன் பிரஜன். நாலு, மனைவி வசந்தாமணி. கரண்ட் பில்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்.

அவருக்குத் தேங்காய்க் களம். பருப்பை வெயிலில் காயப்போட்டு எண்ணெய் ஆலைக்கு அனுப்புகிற தொழில். ஒரு தேங்காயை விரலால் தட்டினால் உள்ளே நல்லதா அழுகலா என்று சொல்லிவிடுவார், அதில் ஊரில் அவருக்குப் பெரிய பேர். அன்றைக்குக் களத்தில் நிற்கும்போது போன் சிணுங்கியது. லைன் இரண்டு, மஞ்சள்.

வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு மனைவியிடம் காட்டினார்.

"தப்பா வந்திருக்குமுங்க," என்றாள் வசந்தாமணி. "புள்ள நல்லாத்தான இருக்கறா."

"நம்ம கண்ணுக்குத் தெரியாதுன்னுதான மிசினை வெச்சிருக்கறான்?"

"அவளையே கூப்பிட்டுக் கேட்டுப் பாக்கலாமுங்களா?"

"கேட்டா வெளிய தெரியும். வெளிய தெரிஞ்சா எவன் வந்து கட்டுவான்?"

பெற்ற மகளிடம் கேட்டால் அது எப்படி வெளியே தெரியும் என்று அவள் கேட்கவில்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்பது அவளுக்கு அத்துப்படி. அன்றைக்கு அந்த ஒரு கேள்வியை மிருதுளாவிடம் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இருவரும் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒறம்பரை போவதாகச் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போனார்கள். டாக்டர் மெர்லின் மனநல மருத்துவர், பொறுமையானவர். போனை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மஞ்சள்னா வியாதி வந்துருச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. பாதிக்கு மேல பேருக்கு ஒண்ணுமே ஆகாது. வீட்டுல என்ன பாக்கறீங்க, அதைச் சொல்லுங்க."

"என்ன பாக்கோணுமுங்க?" என்றார் லோகநாதன்.

"தூக்கம் தலைகீழா மாறும். ராத்திரி முழிப்பு, பகல்ல தூக்கம். குளிக்கறது, துணி மாத்தறது விட்டுப்போகும். சேக்காளிகளை விட்டு ஒதுங்குவாங்க. நல்லாப் படிச்சவங்க பின்தங்குவாங்க. முகத்துல சிரிப்பும் வராது, கோபமும் வராது. அப்புறம் சந்தேகம். யாரோ நம்மளையே பாக்கறாங்க, பின்னாடி பேசறாங்கன்னு. சில பேர், சாப்பாட்டுல என்னமோ கலக்கறீங்கன்னுகூடச் சொல்லுவாங்க. இல்லாத குரல் காதுல கேக்கறதெல்லாம் அதுக்கும் பின்னாடி."

"வந்துட்டா அவ்வளவுதானுங்களா?"

"யாருங்க சொன்னது? ஆரம்பத்துலயே பாத்தா படிச்சு முடிச்சு வேலைக்குப் போறாங்க, குடும்பம் நடத்தறாங்க. அதுக்குத்தான இந்த மிசினே. பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. ஆளைப் பாக்காம நான் மாத்திரை எழுத மாட்டேன்."

கூட்டிக்கொண்டு போகவில்லை. அந்த ஆஸ்பத்திரி வாசலில் மகளோடு நிற்பதைக் காங்கேயத்துக்காரர் ஒருவர் பார்த்துவிட்டால் போதும், நாலாபக்கமும் செய்தி போய்விடும் என்பது லோகநாதனின் கணக்கு. வசந்தாமணியின் தம்பி வெள்ளகோயிலில் மருந்துக்கடை வைத்திருந்தான். அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டதும் மனச்சிதைவு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டான். சாயங்காலம் மிருதுளா குடிக்கும் காபியில் மாத்திரை பொடியாகி இறங்கியது. மருந்தை மறைத்துக் கொடுத்தால் அது பாசம் என்று நம்ம ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மிருதுளாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். ஆடி முடிந்ததும் பயிற்சி. ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலைப் பார்த்ததும் கையை நீட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்லவேண்டும். கூட இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அது ஒரு பழக்கமாகவே ஆகவேண்டும் என்பார்கள். அவள் வீட்டிலேயே பழகினாள். சமையலறை வாசலில் கையை நீட்டி "பச்சை" என்பாள். தனக்குத் தானே "பச்சை" என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு உள்ளே போய்த் தண்ணீர் குடிப்பாள். முன்பெல்லாம் வசந்தாமணி இதைப் பார்த்துச் சிரிப்பாள். இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"ம்மா, காபி கசக்குது."

"சிக்கரி மாத்தியிருக்குது கண்ணு. குடிச்சுரு."

"ஒரு வாரமாச் சொல்றேன், என்னமோ கலந்த மாதிரி இருக்குதும்மா."

வசந்தாமணி கணவனைப் பார்த்தாள். கணவன் அவளைப் பார்த்தார். டாக்டரம்மா வரிசையாகச் சொன்னது வரிசையாக வருகிறது என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தால் தப்பு. நான் உள்ளே வந்ததும் ஏன் பேச்சை நிறுத்துகிறீர்கள் என்று கேட்டாள். நிறுத்தியது உண்மை. என் பெட்டியை யார் கிளறினது என்றாள். அம்மா கிளறியிருந்தாள், அதுவும் உண்மை. பகலெல்லாம் தூக்கமாக வருகிறது, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை என்றாள். மாத்திரை அந்த வேலையைத்தான் செய்தது. அவள் சொன்ன ஒவ்வொரு நிஜமும் அந்த வீட்டில் ஒரு நோய்க்குறியாகப் போய்ச் சேர்ந்தது.

இதில் பிரஜனைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. லைன் மூன்று எப்போதும் பச்சை. இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கிறேன் என்று வந்தவன். முன்பு சாயங்காலமானால் மைதானத்தில் கிடப்பான், இப்போது அறையை விட்டு வருவதில்லை. "ஊர் சுத்தறதை விட்டுட்டான், பொறுப்பு வந்துருச்சு" என்றார் லோகநாதன். விடிய விடிய அறையில் விளக்கு எரிந்தது. படிக்கிறான் என்றார். தாடி மண்டி, குளிக்காமல் ஒரே சட்டையில் கிடந்தான். ஐயப்பனுக்கு வேண்டிக்கொண்டிருப்பான் என்றாள் வசந்தாமணி. குளிக்காமல் விரதம் இருக்கிற சாமியை அவள் எங்கே பார்த்தாளோ. முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஆம்பளைப் பையன் அளந்து பேசுகிறான் என்றார்கள். டாக்டர் சொன்னதில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அந்த அறைக்குள் நடந்துகொண்டிருந்தது. தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மனிதர் அந்தக் கதவை ஒரு தடவை தட்டவில்லை.

அதோடு நிற்காமல் மகனைக் காவலுக்கு வேறு வைத்தார். "அக்காளுக்கு மனசு சரியில்ல சாமி. என்ன பண்றா, யாரோட பேசறான்னு சித்த பாத்துக்க. அம்மாகிட்டயும் எங்கிட்டயும் மட்டும் சொல்லு."

பிரஜன் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு உயிர் வந்தது. தான் உள்ளுக்குள் சந்தேகப்பட்டதையெல்லாம் அப்பாவும் சந்தேகப்படுகிறார் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. அவள் பஸ் ஏறினால் பின்னாலேயே போனான். கதவோரம் நின்று கேட்டான்.

"அக்கா கையத் தூக்கி சிக்னல் குடுக்கறாப்பா. எதிர் வீட்டு மாடில அதைப் பாத்துட்டு லைட்டை அணைக்கறாங்க. தினமும் நடக்குது. நம்மளப் பத்தித்தான் சேதி போகுது."

லோகநாதன் மனைவியிடம் வந்து, "பாத்தியா, எதிர் வீட்டுக்காரங்களுக்கெல்லாம் கையக் காட்ட ஆரம்பிச்சுட்டா" என்றார். சொன்ன வாயைப் பார்க்காமல், சொல்லப்பட்ட ஆளைப் பார்த்தார்.

ஆனி மாசம் லைன் இரண்டு சிவப்பானது.

"மாத்திரை பத்தல," என்றார். "எச்சாப் போடு."

வசந்தாமணி எச்சாகப் போட்டாள். மிருதுளாவின் விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. கழுத்து இறுகிக்கொண்டது. பேசும்போது நாக்கு தடித்ததுபோல் தடுமாறியது. ஆடி கழிந்து பயிற்சிக்குப் போனவளை முதல் வாரமே கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். சிக்னலைக் காட்டவேண்டிய கை காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றது. அவள் பேருக்கு செவியில் என்ன நிறம் என்று தகப்பனாரிடம் கேட்டார்கள். அவர் ஒளிக்கவில்லை. ரயில் விஷயத்தில் பொய் சொல்லக்கூடாது என்றார், பெரிய யோக்கியர். அன்றைக்கே அவளைத் திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவள் நேராக அப்பாவிடம் போனாள்.

"எனக்குச் சிவப்பாங்கப்பா?"

"ஆமா அம்மிணி. நாலஞ்சு மாசமா சரியில்ல. உங்கிட்டச் சொல்ல எங்களுக்கு மனசு வரல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே கேட்டாள்: "அப்ப காபி கசந்ததெல்லாம் எனக்காத் தோணுனதா? நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசுனதும்?"

"ஆமா கண்ணு," என்றாள் வசந்தாமணி. அந்த ஒரு வார்த்தைக்கு எந்த மன்னிப்பும் கிடையாது.

மிருதுளா நம்பினாள். தன் நாக்கையும் காதையும் விட்டுவிட்டு அவர்களை நம்பினாள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள் என்று அவளே கேட்டாள். வேலை போனபிறகு மறைக்க என்ன இருக்கிறது என்று லோகநாதனும் கிளம்பினார்.

டாக்டர் மெர்லின் அவளைத் தனியாக உட்காரவைத்து நிறைய நேரம் பேசினார். பிறகு பெற்றவர்களை உள்ளே கூப்பிட்டார். அவர் முகம் நன்றாக இல்லை.

"இவங்க நினைப்புல ஒரு குறையும் இல்லைங்க. நாக்குத் தடுமாறுனாலும் கோர்வையாப் பேசறாங்க. ஆனா இந்தக் கை நடுக்கமும் நாக்குத் தடுமாற்றமும் கழுத்து இறுக்கமும் மாத்திரையால வர்றது. என்ன மாத்திரை குடுக்கறீங்க?"

வசந்தாமணி முந்தானையை முறுக்கினாள். டாக்டர் இரண்டாவது தடவை கேட்டதும் உடைந்துவிட்டாள். "காபில போட்டுக் குடுத்தனுங்க. நல்லாவோணும்னுதானுங்க குடுத்தேன்."

மிருதுளா அம்மாவை ஏறிட்டாள். "அப்ப கசந்தது நெசந்தானாம்மா?" என்றாள். அவள் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை, சந்தோஷம். எனக்குப் பைத்தியம் இல்லை என்கிற சந்தோஷம். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"மிசினு பொய் சொல்லுமுங்களா?" என்றார் லோகநாதன், விட்டுக்கொடுக்காமல். "சிவப்பு காட்டுதே!"

"சிவப்பு வந்தா, லைன்காரர் ஒத்துக்கிட்டா மட்டும் அது பிடிச்ச பேச்சை நான் கேக்கலாம். ஒத்துக்கறீங்களா?"

"தாராளமாக் கேளுங்க. நாங்களும் கேக்கறோம்." தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிரூபிக்கிற அவசரத்தில் போனில் விரலை வைத்தார்.

அறையில் ஒரு குரல் எழுந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல் இருந்தது. "அக்கா கையத் தூக்குனா பச்சை. பச்சைன்னா அவங்க வர்றாங்க. கொப்பரை காயற வாசம் வந்தா சுவருக்குள்ள ஆள் இருக்காங்க. எனக்கு நாளைக்குப் பரீட்சை இல்ல, அதை எடுத்துட்டாங்க..."

பிரஜனின் குரல்.

"இது யாரு?" என்றார் டாக்டர்.

"தம்பி," என்றாள் மிருதுளா. "அந்த லைன் அவன்கிட்டத்தான் இருக்குது. அவன் கேம் விளையாட அதுலதான் டேட்டா எச்சா வரும்னு ரெண்டு வருஷம் முன்னாடியே மாத்திக்கிட்டோம். அப்பா போன்ல எங்க பேரை நான்தான் மாத்திப் போட்டேன். அப்பா கூப்பிட்டா சரியா வந்துரும். செவில மட்டும் பழைய பேரே நின்னிருக்குது, அதனால தெரியல."

"ஏன் அம்மிணி சொல்லல?" என்றாள் வசந்தாமணி.

"யாரும்மா கேட்டீங்க?"

அப்படியானால் அத்தனை மாசமும் பச்சையாக இருந்த லைன் மூன்று அவளுடையது. வாயில் மாத்திரையைத் திணித்தும், வீடே சேர்ந்து அவளைப் பைத்தியம் என்று சொல்லியும், அவள் பச்சையாகவே இருந்திருக்கிறாள். தம்பிக்கு முற்ற முற்ற அக்காளுக்கு மருந்து ஏறியிருக்கிறது.

டாக்டர் வேகமாகப் பேசினார். "இப்பவே சரி பண்ணிடலாம். லைனை மாத்தி எழுத உங்க விரல் ஒண்ணு போதும், உங்களைத் தவிர யாராலயும் முடியாது. இவங்க பேருக்குப் பச்சை வந்துரும், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்துனா நடுக்கம் போயிரும், வேலையும் திரும்பக் கிடைக்கும். பையனை நாளைக்கே கூட்டிட்டு வாங்க. இப்ப ஆரம்பிச்சா அவன் படிப்பை முடிப்பான், நல்லா இருப்பான். இன்னும் ஒரு வருஷம் விட்டுட்டு வந்தீங்கன்னா இதே வார்த்தையை என்னால சொல்ல முடியாதுங்க."

லோகநாதன் போனை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எம் பையனுக்கு ஒண்ணும் இல்லீங்க."

"உங்க காதாலயே கேட்டீங்க."

"கேட்டனுங்க. தூக்கத்துல பேசியிருப்பான். இவளுக்குப் பேரு போனது போனதுதான், ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. அதை மாத்தி எழுதுனா மட்டும் யாரு நம்பப்போறா? ஒரு வீட்டுல ரெண்டு பேருக்குன்னுதான் சொல்லுவாங்க. நாளைக்குக் களத்தைப் பாத்துக்கப்போறவன் அவன். அவனுக்கு யாருங்க பொண்ணு குடுப்பா?"

மிருதுளா எழுந்து அவர் முன்னால் நின்றாள். நடுங்குகிற கையை நீட்டினாள். "அப்பா, ஒரு விரல். வேறொண்ணும் கேக்கல. எனக்கு ரயில் ஓட்டோணுங்கப்பா."

அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் தன் பங்குக்கு, இவளுக்கு நோயில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதை ரயில்காரர்கள் வாங்கிப் பார்த்துவிட்டு, புது லைன் செல்லாது, செவியில் இந்தச் சிவப்பே மாறினால் வாருங்கள் என்றார்கள்.

மிருதுளா வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்த அறையிலிருந்து அப்படியே நடந்தாள், கோயமுத்தூரில் ஒரு தோழியின் விடுதியில் போய்த் தங்கிக்கொண்டாள். காங்கேயத்தில் விசாரித்தவர்களிடம், பெண்ணுக்கு மனசு சரியில்லை, வைத்தியத்துக்கு விட்டிருக்கிறோம் என்று லோகநாதன் சொன்னார். ஊரும் உச்சுக்கொட்டியது.

வசந்தாமணி ஒரு நாள் மிச்சமிருந்த மாத்திரையைப் பொடித்துப் பிரஜன் காபியில் போட்டாள். லோகநாதன் பார்த்துவிட்டார். டம்ளரைத் தட்டிவிட்டார். "நல்லா இருக்கற புள்ளையப் பைத்தியமாக்கப் பாக்கறயா?" என்று கத்தினார். சொஸ்தமாக இருந்தவளுக்கு மாசக்கணக்கில் ஊட்டிய அதே மாத்திரை, தேவைப்பட்டவனுக்கு விஷமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அரிசிம்பருப்புச் சோறு, பிரஜனுக்குப் பிடித்தது. அவன் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. பிறகு எச்சில் கையோடு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"அப்பா, அக்காளைப் பேசாம இருக்கச் சொல்லுங்கப்பா. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னையப் பத்தியே பேசிக்கிட்டு இருக்கறா."

வசந்தாமணி கரண்டியைக் கீழே வைத்தாள். "ஏனுங்க," என்றாள். "டாக்டரம்மா சொன்னாங்க இல்லீங்களா, குரலு கேக்கறதெல்லாம்..."

"நீ சும்மா இரு."

லோகநாதன் எழுந்து போய் அடுத்த அறைக் கதவைத் திறந்தார். மகள் இல்லாத அறை. உறை கழற்றிய தலையணை, கொடியில் ஒரு துண்டு, சுவரில் அவள் ஒட்டிவைத்த சிக்னல் படங்கள். அந்தக் காலி அறையின் நடுவில் நின்றுகொண்டு, சாப்பாட்டு இடத்துக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சத்தம்போட்டார்.

"மிருதுளா! வாய மூடிக்கிட்டு இரு! தம்பி சாப்படறான் தெரியுதல்ல?"

கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"சொல்லிட்டேன் சாமி. அவளுக்குத்தான் மனசு சரியில்லைன்னு உனக்குத் தெரியுமல்ல? இனிப் பேச மாட்டா. நீ சாப்பிடு."

பிரஜன் கைகளை மெதுவாக எடுத்தான். தலையைச் சாய்த்துச் சுவரையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப அழுவறாப்பா," என்றான்.